வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பிள்ளையைக் கேலி செய்கிறார்களா? முதலில் செய்ய வேண்டியது

பதறிப்போய் குழுவை விட்டு வெளியேறி, உரையாடலையும் அழித்துவிடாதீர்கள். பலரும் செய்யும் தவறு இதுதான். ஆதாரமும் கூடவே போய்விடும். அனுப்பியவர் 'எல்லோருக்கும் நீக்கு' கொடுக்க இரண்டு நாளுக்கு மேல் அவகாசம் இருக்கிறது. அவர் நீக்குவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

பட்டப்பெயரோடு சேமித்த எண் என்றால் ஸ்கிரீன்ஷாட்டில் அந்தப் பெயர் மட்டுமே விழும். அனுப்பியவர் "அது நான் இல்லை" என்று சொல்லிவிடலாம். அதனால் அவரின் விவரப் பக்கத்தைத் திறந்து எண்ணையும் எடுங்கள். தேதி, நேரம் தெரிய வேண்டும். ஒருமுறை பார்த்ததும் மறைந்துவிடும் 'ஒருமுறை மட்டும்' படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது; வேறொரு போனால் படம் பிடியுங்கள்.

ஒரே விதிவிலக்கு, பிள்ளைகளின் ஆபாசப் படம். அதை நகலெடுக்கவோ யாருக்கும் அனுப்பவோ கூடாது, ஆசிரியருக்குக்கூட. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தில் அதுவே குற்றமாகலாம். உடனே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள்.

மற்றவற்றுக்கு, தலைமையாசிரியரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417.

தயவுசெய்து பிள்ளையின் போனைப் பிடுங்காதீர்கள். போன் போய்விடும் என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் வாயே திறப்பதில்லை.