கிராமப்புறக் கவுண்டிக்கு 20 ஆண்டுப் போக்குவரத்துத் திட்டம்: முதல் வரைவு போடுவது எப்படி?

அமெரிக்காவில் 50,000 பேருக்கு மேல் வாழும் நகரப்பகுதிக்குப் போக்குவரத்துத் திட்டம் போட எம்பிஓ என்ற தனி அமைப்பு உண்டு. கிராமப்புறக் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) அந்த வேலை பெரும்பாலும் ஓரிருவர் தலையில்தான் விழும். அப்படி ஒரு வரைவை முடித்த கையோடு இதை எழுதுகிறேன்.

படி 1: வரைபடம். கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள் போதும், காசு கொடுத்து வேறு மென்பொருள் வாங்க வேண்டாம். சாலை, ரயில் பாதை, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிறுத்தம் எல்லாவற்றையும் உங்கள் மாநிலத்தின் ஆயமுறைக்கு (இடங்களை எண்களால் குறிக்கும் முறை) மாற்றிவிட்டுத் தூரத்தை அளந்துகொள்ளுங்கள்.

படி 2: கார் இல்லாத வீடுகள். சென்சஸ் துறையின் ஏசிஎஸ் என்ற மாதிரிக் கணக்கெடுப்பின் ஐந்தாண்டு மதிப்பீட்டில் பி25044 அட்டவணையை எடுங்கள். பிழை வரம்பைப் பார்க்காமல் எந்த எண்ணையும் நம்பாதீர்கள். சிறிய பகுதிகளில் மதிப்பீட்டைவிடப் பிழை பெரிதாகவும் இருக்கலாம். அப்போது பக்கத்துப் பகுதிகளைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

படி 3: வாகன எண்ணிக்கை. நான் இடறி விழுந்தது இங்கேதான். சாலைக்குக் குறுக்கே போடும் ரப்பர் குழாய் வண்டியை எண்ணுவதில்லை, சக்கர அச்சை எண்ணுகிறது. இரண்டு அச்சுக்கு ஒரு வண்டி என்று கருவி கணக்குப் போடும். தானியக் கிடங்குக்குப் போகும் சாலையில் அறுவடை வாரத்தில் நாளுக்கு 2,000 அச்சுகள் பதிவாகின்றன என்று வையுங்கள். கருவி 1,000 வண்டி என்கிறது. அதில் 200 ஐந்தச்சு லாரிகள் என்றால் அவற்றுக்கே 1,000 அச்சு போய்விட்டது. மீதி 500 கார். ஆக மொத்தம் 700 வண்டிதான்!

அதோடு முடியவில்லை. அறுவடை வாரத்தை ஆண்டு சராசரியாக்கப் பருவக் காரணியால் பெருக்க வேண்டும். அது 0.8 என்றால் 560. காரணியை அதே வகைச் சாலையின் நிரந்தர எண்ணும் கருவியிலிருந்து எடுங்கள். நான் முதலில் நெடுஞ்சாலைக் காரணியைப் போட்டு எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன்.

படி 4: வளர்ச்சி. ஆண்டுக்கு 1.5% கூட்டு வளர்ச்சியில் நாளுக்கு 560 வண்டி 20 ஆண்டில் சுமார் 754 ஆகும். இருவழிச் சாலை ஒரு திசையில் மணிக்கு 1,700 கார் வரை தாங்கும். அகலப்படுத்தும் பேச்சே இங்கே எழவில்லை.

அப்புறம் எதற்குத் திட்டம்? இரவு வேலை முடிந்து சாலையோர வெள்ளைக் கோட்டின் மேல் நடந்து வீடு திரும்புகிறவருக்காக. சைக்கிளுக்காக, டிராக்டருக்காக. மறுதார் போடும் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, அதே வேலையோடு சாலை ஓரத்தை எங்கே அகலப்படுத்தலாம் என்று குறியுங்கள். அதிர்வுப் பள்ளம் (வண்டி ஓரம் விலகினால் அதிர்ந்து ஓட்டுநரை எச்சரிக்கும் வரிப்பள்ளம்) வெட்டுகிறார்கள் என்றால் அதற்கு வெளியே 4 அடியாவது சைக்கிளுக்கு விடச் சொல்லுங்கள்.

படி 5: பணம். கிராமப்புறப் பேருந்துக்கான 5311 என்ற மத்திய அரசு மானியம் இயக்கச் செலவில் பாதி வரைதான் தரும். வண்டி வாங்க 80% வரை கிடைக்கும். அதனால் வண்டி வந்துவிடும், ஓட்டுநர் சம்பளத்துக்குத்தான் அல்லாட வேண்டியிருக்கும். மீதிப் பாதி யார் தருவார் என்பதை ஆண்டுவாரியாக எழுதாமல் புதிய தடம் எதையும் சேர்க்காதீர்கள்.

பின்சேர்க்கை: அழைத்தால் வரும் வேன் சேவை வரைபடத்தில் வரவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். சரி, அதற்கு நிலையான நிறுத்தம் கிடையாது, அதனால்தான். இப்படிப்பட்ட சேவைகளின் விவரத்தைப் பயணச் செயலிகளுக்குத் தரும் ஜிடிஎஃப்எஸ் ஃபிளெக்ஸ் என்ற தரவு வடிவம் 2024 மார்ச்சில் அதிகாரப்பூர்வமாகிவிட்டது. சேவைப் பரப்பு, நேரம், முன்பதிவு விதி மூன்றையும் அதில் பதியலாம்.