யானைக்குத் துவக்கைத் தூக்குமுன்: தவிர்க்க வேண்டிய தப்புக்கணக்குகள்

அறுவடை நெருங்கினால் வன்னியில் ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய்ப் பக்கம் யானைப் பேச்சுத்தான். கடைசியில் யாராவது ஒருவர், "நல்ல துவக்கு ஒன்று இருந்தால் அலுவல் முடிந்துவிடும்" என்பார். முடியாது. இலங்கையின் 1937ஆம் ஆண்டுத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் யானையைப் பாதுகாக்கிறது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். சன்னம், அதாவது துவக்கிலிருந்து பாயும் குண்டு, உடம்புக்குள் என்ன செய்கிறது என்று பார்த்தாலே அந்தக் கணக்குப் பிழைத்துவிடும்.

முதல் பிழை, பன்றியை வைத்து யானையை அளப்பது. பன்றியைச் சாய்க்கும் எஸ்.ஜி. தோட்டாவில் எட்டு, ஒன்பது ஈயக் குண்டுகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்றரை கிராம். மென்மையான ஈயம், அதுவும் உருண்டை. யானைத் தோலோ சில இடங்களில் ஒரு அங்குலம் வரை தடிப்பு. குண்டு சப்பையாகி, தோலோடோ சதையோடோ நின்றுவிடும். ஆபிரிக்காவில் யானை, எருமை வேட்டைக்குப் பல நாடுகள் குறைந்த அளவாக வைத்திருப்பது 1912இல் வந்த .375 என்ற தோட்டா ரகம். அதன் சன்னம் ஒரே துண்டாகச் சுமார் 19 கிராம். இரண்டுக்கும் எட்டாத தூரம்.

அடுத்தது, வேகம் கூடினால் ஆழமாகப் போகும் என்ற நினைப்பு. இது படித்தவர்களையும் ஏமாற்றும். மான், மரை போன்றவற்றுக்கான சன்னத்தின் மூக்கில் ஈயம் வெளியே தெரியும். உள்ளே போனதும் காளான் மாதிரி விரியும். அகலமான காயம், ஆனால் ஆழம் குறைவு. தடித்த தோலிலும் எலும்பிலும் அது நேரத்தோடு விரிந்து, வேகம் கூடக் கூடச் சிதறவும் செய்யும். அதனால்தான் யானைக்கென்று விரியாத, முழுக்க உலோக உறை போட்ட சன்னத்தைச் செய்தார்கள். துவக்கின் சத்தத்தை விட, சன்னம் வளையாமல் நேராக எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான் விஷயம்.

மண்டையைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. அவ்வளவு பெரிய தலையில் எங்கே பட்டாலும் போதும் என்று நினைக்கிறார்கள். உள்ளே பெரும்பகுதி காற்றறைகள் நிறைந்த எலும்பு. மூளை பின்னால் ஒதுங்கிக் கிடக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் இலங்கையில் பழகிய நெற்றிச் சூடு, ஆபிரிக்க யானையிடம் அவருக்குப் பலிக்கவில்லை. வேட்டையில் ஊறியவரின் நிலை அது. இரவில், பரணில் இருந்து, டோர்ச் வெளிச்சத்தில் நாம் எம்மாத்திரம்?

வாய்வழியே மருந்தை இடித்து நிரப்பும் இடியன் துவக்கில் மருந்தைக் கூட்டி இடிப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று: முதலில் வெடிப்பது குழல், அது உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மிருகம் வரும் பாதையில் தானாக வெடிக்கக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்குக்கு யானையும் தெரியாது, விறகுக்குப் போகும் பக்கத்து வீட்டுக்காரரும் தெரியாது.

இவை எல்லாவற்றிலும் மோசமானது, சூடுபட்டது இனி வராது என்று நம்புவது. புண் சீழ் பிடித்து, ஓட முடியாமல், அது வயல் ஓரத்துப் பற்றைக்குள்ளேயே நிற்கும். விடியப்புறம் சைக்கிளில் தண்ணீர் பார்க்கப் போகிறவர்தான் அதன் முன்னால் போய் மாட்டுவார். ஆகவே இரத்தத் தடத்தைப் பின்தொடர வேண்டாம். நொண்டுகிற, ஒரே இடத்தில் நிற்கிற யானையைக் கண்டால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லுங்கள். மருத்துவர் வந்து சேரும்வரை அந்தப் பாதையால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள்.