லெஸ்பியன் காதல் நாவலை எப்படிப் படிப்பது, எப்படி எடைபோடுவது?

ஆங்கிலத்தில் இப்போது நிறைய வருகிற லெஸ்பியன் ரொமான்ஸ் நாவல்களைப் படிக்க ஆசை, ஆனால் எங்கே தொடங்குவது, படித்து முடித்தபின் நல்லதா சுமாரா என்று எதை வைத்துச் சொல்வது என்று தெரியவில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த நாவல்களை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்கள் ஒரு பக்கம். இரண்டு பெண்கள் சேர்ந்துவிட்டார்களா, சரி, ஐந்து நட்சத்திரம் என்று கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுமே இந்தக் கதைகளுக்கு இழைக்கிற அநியாயம்தான். ஊன்றிப் படித்து, குறை இருந்தால் குறை என்று சொல்வதுதான் எழுதியவருக்குச் செய்கிற மரியாதை.

படி 1: முடிவைப் பற்றிச் சண்டை போடாதீர்கள்

ரொமான்ஸ் என்று சொல்லி விற்கிற நாவல் வாசகருக்கு இரண்டு வாக்குக் கொடுக்கிறது. காதல்தான் மையக்கதை, முடிவு மனசுக்கு நிறைவாக இருக்கும். கடைசிவரை சேர்ந்து வாழ்வார்கள் அல்லது குறைந்தது இப்போதைக்குச் சேர்ந்திருக்கிறார்கள், இரண்டில் ஒன்று. அதனால் 'சேர்ந்துவிடுவார்கள் என்று முதலிலேயே தெரிந்துவிட்டது' என்பது விமர்சனமே ஆகாது.

இந்த வாக்கு சும்மா கிடைத்ததும் இல்லை. 1952-ல் அமெரிக்காவில் வின் பாக்கர் என்ற புனைபெயரில் மாரிஜேன் மீக்கர் எழுதிய 'ஸ்பிரிங் ஃபயர்' மலிவுப் பதிப்பாக வந்தபோது, முடிவு சந்தோஷமாக இருக்கக் கூடாது, இருந்தால் தபால் துறை தணிக்கையில் மாட்டும் என்று பதிப்பாசிரியர் சொல்லிவிட்டார். ஆகவே கதையில் ஒருத்தி மனநோய் மருத்துவமனைக்குப் போகிறாள், இன்னொருத்தி தான் அவளைக் காதலிக்கவே இல்லை என்று முடிவுக்கு வருகிறாள். அதே 1952-ல் பட்ரீசியா ஹைஸ்மித், கிளேர் மார்கன் என்ற பெயரில் 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்' வெளியிட்டார். அதில் இரண்டு பெண்களும் சாகவில்லை, மனம் மாறி ஆண்களிடம் திரும்பவும் இல்லை, சேர்ந்து வாழும் வாய்ப்போடு கதை முடிகிறது. அன்றைக்கு அது அபூர்வம். இந்தப் பின்னணி தெரிந்தால், நல்ல முடிவு என்றாலே மலிவான முடிவு என்று நினைக்கத் தோன்றாது.

படி 2: முதல் புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது

போல்ட் ஸ்ட்ரோக்ஸ் புக்ஸ், பெல்லா புக்ஸ், ஜெர்மனியிலிருந்து ஆங்கிலத்திலும் வெளியிடுகிற யில்வா போன்ற தனிப் பதிப்பகங்கள் இருக்கின்றன. பெரிய பதிப்பகங்களும் இப்போது போடுகின்றன, கிண்டிலில் சொந்தமாக வெளியிடுபவர்கள் ஏராளம். தற்பால் ஈர்ப்பு இலக்கியத்துக்குத் தரப்படும் லாம்டா விருதுகளில் முன்பு இருந்த லெஸ்பியன் ரொமான்ஸ் பிரிவு, 'கோல்டி' என்று அழைக்கப்படும் கோல்டன் கிரவுன் விருதுகள், இவற்றின் பழைய பட்டியல்களைப் புரட்டினாலே பத்துப் பெயர்கள் கிடைக்கும்.

அட்டைக் குறிப்பில் வரும் சொற்களைக் கவனியுங்கள். ஸ்லோ பர்ன் என்றால் நெருங்குவதற்கே பாதிப் புத்தகம் ஆகும். ஐஸ் குயின் என்றால் இறுகிய முகத்தோடு அலையும் ஒருத்தி, பெரும்பாலும் மேலதிகாரி, மெல்ல மெல்ல இளகுவாள். இதெல்லாம் உங்களுக்குப் பிடிக்காது என்றால் வாங்காதீர்கள், வாங்கிவிட்டு அதற்காகவே மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். இலவச மாதிரிப் பக்கங்களைக் கட்டாயம் படியுங்கள். உரையாடல் ஒட்டவில்லை என்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

படி 3: முதல் வாசிப்பில் பேனாவைக் கீழே வையுங்கள்

கதையோடு போங்கள். இவர்கள் இருவரையும் முதன்முதலில் எந்த இடத்தில் நம்பினீர்கள், எந்த இடத்தில் பக்கத்தைத் தள்ளத் தோன்றியது என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

படி 4: இப்போது திரும்பிப் போய்ப் பாருங்கள்

நான் முதலில் பார்ப்பது, முக்கால்வாசியில் வருகிற அந்தப் பிரிவை. இந்த வகை நாவல்களில் ஏறக்குறைய எப்போதும் ஒரு பிரிவு இருக்கும். காதலி பழைய தோழியைக் கட்டிப்பிடித்ததை ஒருத்தி தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் ஊரைவிட்டே கிளம்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு போன் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் ஒருத்திக்கு வேறு ஊரில் வேலை கிடைக்கிறது, முன்பு ஒரு முறை கைவிடப்பட்ட மற்றவள், கேட்கப்படுவதற்கு முன்னாலேயே 'நீ போ' என்று சொல்லிவிடுகிறாள் என்றால், அந்தப் பிரிவு அவளுக்குள்ளிருந்து வருகிறது. போன் போட்டாலும் தீராது, அவள் மாற வேண்டும். இந்த ஒரு இடத்தை வைத்தே பாதி எடை போட்டுவிடலாம்.

அடுத்தது, யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்பது. ஒரு மருத்துவரின் வீட்டில் ஒரு பெண் தச்சர் அலமாரி பொருத்துகிறார் என்று ஒரு காட்சி. 'வெளிச்சத்தில் அவளுடைய வளைவுகள் மின்னின' என்று எழுதினால், அதைப் பார்ப்பது யார்? யாரும் இல்லை, எங்கோ வெளியே நிற்கிற ஒரு கேமரா. அதையே, தச்சரின் மணிக்கட்டில் ஒட்டியிருந்த மரத்தூளைப் பார்த்துக்கொண்டே நின்றதில் மருத்துவர் அளவைத் தப்பாகச் சொன்னார் என்று எழுதினால், ஆசை ஒரு ஆளுக்குள் நடக்கிறது, நமக்கும் புரிகிறது. படுக்கையறைக் காட்சிகளுக்கும் இதே கேள்விதான். காட்சி முடிந்தபின் இருவருக்கும் இடையில் ஏதாவது மாறியிருக்கிறதா? மாறவில்லை என்றால் எவ்வளவு சூடாக இருந்தாலும் அது ஒட்டுப்போட்டதுதான்.

மொழியிலும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. காதலர்கள் இருவருமே 'ஷீ' என்பதால் யார் யாரைத் தொட்டார் என்று குழம்பும். கை தேராதவர்கள் இதைச் சமாளிக்க 'பொன்னிறக் கூந்தல்காரி', 'உயரமானவள்', 'மூத்தவள்' என்று பக்கத்துக்குப் பக்கம் போடுவார்கள். தன் காதலியை மனசுக்குள் யாராவது உயரமானவள் என்று கூப்பிடுவார்களா? நல்ல எழுத்தாளர் வாக்கியத்தை அமைக்கிற விதத்திலேயே ஆளைக் காட்டிவிடுவார். மாற்றி மாற்றி இருவர் பார்வையில் அத்தியாயங்கள் வந்தால், தலைப்பில் இருக்கும் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு ஒரு பக்கம் படியுங்கள். யார் பேசுவது என்று தெரியவில்லை என்றால் இரண்டு பேரும் ஒரே ஆள்.

அப்புறம், சுற்றியிருப்பவர்கள். இருவருக்கும் வேலை, நண்பர்கள், பணக்கவலை எல்லாம் இருக்கிறதா, காதலிப்பதைத் தவிர வேறு வேலையே இல்லையா? இருபால் ஈர்ப்புள்ள பெண் வந்தாலே ஏமாற்றுவாள் என்று எழுதியிருக்கிறார்களா? குடும்பத்திடம் சொல்லி அழுகிற காட்சி எல்லா நாவலிலும் இருக்க வேண்டிய அவசியம் இல்லை, நாற்பது வயதில் நிம்மதியாக வாழ்கிற பெண்களுக்கும் காதல் கதை உண்டு.

படி 5: எழுதுங்கள்

எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் இது சரியாக எழுதப்படவில்லை என்பதையும் தனித்தனி வாக்கியமாக எழுதிப் பழகுங்கள். வயது வித்தியாசக் கதை எனக்கு ஆகாது என்பது ருசி. அந்த வித்தியாசத்தால் யாருக்கு அதிகாரம் கூடுகிறது என்பதை நாவல் யோசிக்கவே இல்லை என்பது குறை. அந்தரங்கக் காட்சி எவ்வளவு, வன்முறை அல்லது வெறுப்புப் பேச்சு வருகிறதா என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சிலருக்கு அது தெரிந்தால்தான் புத்தகத்தைத் திறக்கவே முடியும். குறை சொல்லும்போது புத்தகத்திலிருந்து ஒரு இடத்தையாவது காட்டுங்கள்.

எழுத்தாளர் லெஸ்பியனா இல்லையா என்று துருவாதீர்கள். அவராகச் சொல்லியிருந்தால் சரி, சொல்லவில்லை என்றால் அதை வெளியே இழுப்பது விமர்சகரின் வேலை இல்லை. உங்கள் முன்னால் இருக்கிற பக்கங்களைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.