மண்டபத்து வீடியோ ஸ்விட்ச்சருக்கு முதலில் பூட்டு, பிறகு படம்

வெள்ளவத்தைப் பக்கம் ஒரு மண்டபத்தில் அரங்கேற்றம். வர்ணம் நடந்துகொண்டிருந்தபோது, மேடைக்குப் பின்னால் இருந்த பெரிய திரையில் திடீரென்று என் மடிக்கணினி வந்து நின்றது. அதில் அடுத்த வாரக் கல்யாணத்துக்கு நான் தயாரித்துக்கொண்டிருந்த விலைக்கூறு. என் கூலி எவ்வளவு என்பதைச் சபை முழுவதும் வாசித்துவிட்டது.

பிறகு விசாரித்தால், விருந்தாளிகளோடு வந்த ஒரு பெடியன் மண்டபத்து வைஃபையில் இருந்தபடி கைபேசியில் முகவரிகளை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்திருக்கிறான். ஸ்விட்ச்சரின் பக்கம் திறந்திருக்கிறது. கடவுச்சொல் ‘அட்மின்’. அவனைத் திட்டி என்ன பயன்? பூட்டாமல் விட்டவன் நான்.

கமரா, மடிக்கணினி, பிளேயர் என்று நாலைந்து இடத்திலிருந்து வரும் படத்தைத் திரைகளுக்குப் பிரித்துக்கொடுக்கும் இந்தப் பெட்டியை ஏதோ பெரிய மல்டிபிளக் மாதிரித்தான் நாங்கள் நடத்துகிறோம். உள்ளே இருப்பதோ ஒரு சின்னக் கணினி. புதிதாக ஒன்றைப் பொருத்துபவர்கள் இந்த ஒழுங்கில் செய்யுங்கள்.

1. தனியே வைத்துத் திறவுங்கள்

மண்டபத்து ரவுட்டரில் இப்போதைக்குச் செருகவேண்டாம். ஒரு நெட்வேர்க் வயரால் மடிக்கணினியோடு நேரே இணையுங்கள். செருகுமுன் பின்பக்கத்தை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். எச்டிபேஸ்டி (நெட்வேர்க் வயரிலேயே படத்தைத் தூரத்துத் திரைக்கு அனுப்பும் முறை) வெளியீடு உள்ள பெட்டிகளில் அந்தத் துளையும் நெட்வேர்க் துளையும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் எச்டிபேஸ்டி வழியே போவது சாதாரண நெட்வேர்க் தரவு அல்ல. சில பெட்டிகள் அதே வயரில் மின்சாரமும் அனுப்பும். அதை மடிக்கணினியிலோ நெட்வேர்க் ஸ்விட்ச்சிலோ மாறிச் செருகினால் நல்லது நடக்காது. நான் அந்தத் துளைகளில் சிவப்பு டேப் ஒட்டிவிடுவேன்.

கருவியின் ஐபி முகவரி ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். அது 192.168.1.50 என்று வைத்துக்கொள்வோம். மடிக்கணினிக்கு 192.168.1.10 என்ற முகவரியையும், சப்நெட் மாஸ்க்காக 255.255.255.0 என்பதையும் கையால் கொடுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு, பிரவுசரில் கருவியின் முகவரியை அடியுங்கள். வைஃபையை அணைக்க மறந்து, வேறெதோ ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு முழிப்பவர்கள் நிறையப் பேர்.

பக்கம் திறந்ததும் இருக்கிற அமைப்பை ஒரு கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். ஏதாவது குழம்பினால் திரும்பி வர ஒரு வழி வேண்டும்.

2. பூட்டுங்கள்

முதல் வேலை கடவுச்சொல். தொழிற்சாலையில் வைத்த சொல் பெரும்பாலும் அந்த மாடல் முழுவதற்கும் ஒன்றே. கையேட்டை இறக்கி எவரும் பார்க்கலாம். நிர்வாகிக்கு ஒன்று, வெறுமனே படம் மாற்றுபவருக்கு இன்னொன்று என்று இரண்டு கணக்கு வைக்க இடம் இருந்தால், அப்படியே வையுங்கள்.

அடுத்தது டெல்நெட், அதாவது நெட்வேர்க் வழியாகக் கருவிக்குக் கட்டளை அனுப்பும் முறை. 23ஆம் போர்ட்டில் காத்திருக்கும் இந்தப் பழைய வழியில் கடவுச்சொல்லும் கட்டளையும் மூடாமல் அப்படியே போகும். சில பெட்டிகளில் கடவுச்சொல்லே கேட்காது. அணைத்துவிடுங்கள். கட்டளை அனுப்ப வேண்டியிருந்தால் 22ஆம் போர்ட்டில், மறையாக்கி அனுப்பும் எஸ்எஸ்எச் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் ஒன்று: சுவரில் ஒரு தொடுதிரைப் பலகை இருந்து, அது டெல்நெட்டில்தான் ஸ்விட்ச்சரோடு கதைக்கிறது என்றால், அணைத்த நிமிடமே பலகை ஊமையாகிவிடும். அதை முதலில் மாற்றிவிட்டு இதை அணையுங்கள்.

கருவியின் இணையப் பக்கத்தையும் மறையாக்கி அனுப்பும் எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள். பிரவுசர் ‘இது பாதுகாப்பற்றது’ என்று பயமுறுத்தும். கருவி தன் சான்றிதழைத் தானே எழுதிக்கொள்வதால் வரும் எச்சரிக்கை அது. நேரடி வயரில் இருக்கும்போது தொடரலாம்.

ஃபேர்ம்வெயருக்கு, அதாவது பெட்டியின் உள் மென்பொருளுக்கு, புதுப்பிப்பு இருந்தால் இதுதான் நேரம். யூபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள். பாதியில் கரண்ட் போனால் பெட்டி செங்கல்லாகிவிடலாம்; 2022 மின்வெட்டுகளைப் பார்த்த கொழும்பு ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

3. மண்டபத்து நெட்வேர்க்கில் இடம்

ரவுட்டர் கடைசி எண் 100 முதல் 200 வரையுள்ள முகவரிகளைத் தானாக வழங்கினால், ஸ்விட்ச்சருக்கு அதற்கு வெளியே ஒரு நிலையான எண் கொடுங்கள். விருந்தாளிகளின் வைஃபை வேறாகவும், கருவிகள் இருக்கும் பகுதி வேறாகவும் இருக்கவேண்டும். நல்ல நெட்வேர்க் ஸ்விட்ச் இருந்தால் விலான் (ஒரே வயரிங்கில் தனித்தனி நெட்வேர்க்குகள்) போட்டுப் பிரிக்கலாம். வீட்டு ரவுட்டர்தான் என்றால், அதிலுள்ள விருந்தினர் வைஃபை வசதியை இயக்கி, அதன் கடவுச்சொல்லை மட்டும் வெளியே கொடுங்கள். வீட்டிலிருந்தே பார்க்கலாமே என்று ரவுட்டரில் போர்ட் ஃபோர்வர்டிங் போட்டு இணையத்துக்குத் திறந்துவிட வேண்டாம்.

4. இப்போது படம்

‘வயர் பழுது’ என்று நள்ளிரவில் வரும் அழைப்புகளில் பெரும்பங்கு வயர் அல்ல, இடிஐடி. திரை ஒவ்வொன்றும் ‘எனக்கு இந்த அளவு, இந்த ஒலி தெரியும்’ என்று சொல்லும் சிறு குறிப்பு அது. ஒரு 4கே டிவியும் பழைய 1080பி புரொஜெக்டரும் ஒரே பெட்டியில் இருந்து, மடிக்கணினி டிவியின் குறிப்பை வாசித்து 4கே அனுப்பினால், புரொஜெக்டர் கறுப்பாகிவிடும். உள்ளீடுகள் எல்லாவற்றுக்கும் ‘1080பி, இரண்டு சனல் ஒலி’ என்ற நிலையான இடிஐடியைத் தெரிவுசெய்யுங்கள். கல்யாண மண்டபத்துக்கு அது தாராளம். 4கே 60 (நொடிக்கு 60 படம்) முழு நிறத்தோடு போக நொடிக்கு 18 கிகாபிட் தாங்கும் வழி வேண்டும். 1080பி 60க்கு 5 கிகாபிட்டுக்குள் முடிந்துவிடும், நீள வயரிலும் தடுமாறாது.

50ஆ 60ஆ என்பதிலும் கவனம். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கமராவை 60இல் ஓட்டினால் மண்டபத்து விளக்குகள் சில படத்தில் துடிக்கும். ஆகவே கமராக்காரர்கள் 50இல் வருவார்கள், மடிக்கணினிகள் 60இல் வரும். பெட்டியில் ஸ்கேலர் (வரும் படத்தை ஒரே அளவுக்கும் வேகத்துக்கும் மாற்றும் பகுதி) இருந்தால் வெளியீட்டை 1080பி 50 என்று கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் படம் மாற்றும் ஒவ்வொரு முறையும் திரை ஓரிரு நொடி இருளும். அதையும் பழுது என்று நினைத்துவிடாதீர்கள்.

எச்டிசிபி என்பது பதிப்புரிமைக் காவல். அப்பிள் மடிக்கணினிகள் எதிரில் இருப்பது அதை ஏற்கும் என்று கண்டால், சாதாரண ஸ்லைடைக்கூட மறையாக்கி அனுப்பிவிடும். திரையில் படம் இருக்கும், பதிவுக் கருவியிலும் நேரலையிலும் கறுப்பு. மடிக்கணினி வரும் அந்த உள்ளீட்டில் மட்டும் எச்டிசிபியை அணைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு வாடகைப் படம் எதுவும் அந்த உள்ளீட்டில் ஓடாது. அது அப்படித்தான்.

எச்டிபேஸ்டிக்கு கேட்6ஏ வயரை இடையில் ஒட்டுப்போடாமல் இழுங்கள். 100 மீட்டர் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் மலிவான வகைகளில் 1080பிக்கு 70, 4கேக்கு 40 மீட்டர்வரைதான் எதிர்பார்க்கலாம்.

5. பெடியன் வேலையை நீங்களே செய்யுங்கள்

அமைப்பை மறுபடி ஒரு கோப்பாகச் சேமித்து யூஎஸ்பியில் போட்டு வையுங்கள். பெட்டியை அணைத்து ஏற்றி, எல்லாம் நினைவில் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு உங்கள் கைபேசியை விருந்தாளி வைஃபையில் இணைத்து, ஸ்விட்ச்சரின் முகவரியை அடியுங்கள். பக்கம் திறந்தால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். வெள்ளைத் திரை சுற்றிக்கொண்டே இருந்தால், கதிரைகள் போட வரும் ஆட்களுக்கு வழிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகலாம். மடிக்கணினியில் விலைக்கூறு திறந்திருந்தால் போகுமுன் மூடிவிடுங்கள்.