பழைய ஜிப்ஸிக்கு முதல் செலவு டயர் அல்ல

பழைய மாருதி ஜிப்ஸி வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த சைஸ் டயர் போடலாம்?" என்றுதான். "டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது?" என்று நான் திருப்பிக் கேட்பேன். எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் ரப்பர் பெல்ட் அது. பத்தில் ஒருவருக்குக்கூடப் பதில் தெரிந்திருக்காது.

1985-இல் 970 சிசி கார்புரேட்டர் எஞ்சினோடு வந்த வண்டி இது. 1996-இல் 1298 சிசி எஞ்சினோடு ஜிப்ஸி கிங் வந்தது. 2000 வாக்கில் அதற்கு 16 வால்வும் எம்பிஎஃப்ஐ-யும் (கார்புரேட்டருக்குப் பதிலாக பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) சேர்ந்து 80 குதிரைத்திறன் ஆயிற்று. 2018 இறுதியோடு முன்பதிவை நிறுத்திவிட்டார்கள். ஆக இன்று கைக்குக் கிடைக்கும் எந்த ஜிப்ஸியும் பழைய வண்டிதான். பலவும் மூன்று நான்கு கை மாறியவை. ஆனாலும் ஏறக்குறைய ஒரு டன் எடை, ஏணி போன்ற சேஸ், நான்கு பக்கமும் ஸ்பிரிங் பட்டை, எஞ்சின் சக்தியை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரித்துக் கொடுக்கத் தனியாக ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று இவ்வளவு எளிமையான ஃபோர் வீல் டிரைவ் நம் நாட்டில் வேறு அதிகம் இல்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் பாதி வேலையை வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளலாம். தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்துப் பாதையில் பல வருடமாக ஒன்றை ஓட்டுகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கம்பெனியிலிருந்து வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ, அந்த நிலைக்கு வண்டியை முதலில் கொண்டுவாருங்கள். "ஜிப்ஸி என்றாலே இப்படித்தான்" என்று சொல்லப்படும் குறைகளில் பெரும்பாலானவை அதிலேயே தீர்ந்துவிடும். மாற்றம் எல்லாம் அப்புறம். வழக்கமாக நடக்கும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எஞ்சினைக் கேட்டு வண்டி வாங்குவது

வாங்கப் போகிறவர் பானட்டைத் திறந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார், புகையைப் பார்க்கிறார், திருப்தியாகிவிடுகிறார். எஞ்சின் கெட்டால் இன்னொன்று கிடைக்கும், அல்லது பிரித்துச் செய்யலாம். சேஸ் துருப்பிடித்துப் போயிருந்தால் வண்டியே போயிற்று.

படுத்துப் பார்க்க வேண்டிய இடங்கள் இவை: பின் ஸ்பிரிங் பட்டை சேஸில் தொங்கும் இடங்கள், பின் ஆக்ஸிலுக்கு மேலே சேஸ் வளைந்து ஏறும் பகுதி, பாடி சேஸில் உட்காரும் மவுன்ட்டுகள். மேட்டைத் தூக்கி டிரைவர் கால் வைக்கும் தகட்டைப் பாருங்கள். முன் கண்ணாடிச் சட்டத்தின் அடிப்பகுதியையும் விடாதீர்கள். சேஸ் உள்ளே வெற்றிடமான பெட்டி மாதிரி இருப்பதால் சேறு உள்ளே போய் மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். துரு உள்ளிருந்து வெளியே வரும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், உளுத்த இடம் செத்த சத்தம் கொடுக்கும். அடியில் புதிதாகக் கறுப்புக் கோட்டிங் அடித்து விற்பனைக்கு நிற்கும் வண்டியை இரண்டு மடங்கு கவனத்தோடு பார்க்க வேண்டும். நான் வாங்கிய வண்டியில் அந்தக் கோட்டிங்கைச் சுரண்டியபோது, பின் ஷேக்கிளுக்கு (ஸ்பிரிங் பட்டையைச் சேஸோடு இணைக்கும் துண்டு) மேலே விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது.

ஓட்டைமேல் தகட்டை ஒட்டி வெல்டிங் வைப்பது வேலை அல்ல. உளுத்ததை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, அதே கனத்தில் தகடு வைத்துப் பற்ற வைக்க வேண்டும். எம்பிஎஃப்ஐ வண்டி என்றால் வெல்டிங்குக்கு முன் பேட்டரியையும் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) கனெக்டரையும் கழற்றச் சொல்லுங்கள். அப்புறம் அடியில் பழைய எஞ்சின் ஆயில் அடிக்கும் வழக்கம். துருவைக் கொஞ்சம் தடுக்கும், உண்மைதான். ஆனால் ரப்பர் புஷ்ஷையும் பிரேக் ஹோஸையும் ஊற வைத்துக் கெடுக்கும், போகிற வழியெல்லாம் மண்ணில் சொட்டும். சேஸின் உட்பக்கத்துக்கென்றே வரும் மெழுகு வகை ஸ்ப்ரே நல்லது.

பெரிய டயர், உயர்த்திய உடம்பு

இப்போது டயருக்கு வருவோம். ஜிப்ஸி கிங்கின் அளவு 205/70 ஆர்15: அகலம் 205 மில்லிமீட்டர், பக்க உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 15 அங்குலம். கணக்குப் போட்டால் விட்டம் 668 மில்லிமீட்டர். பலர் ஆசைப்படும் 235/75 ஆர்15 ஏறக்குறைய 733 மில்லிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட 10 சதவீதம் பெரியது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-இல் போய்க்கொண்டிருக்கும். எல்லா கியரும் அதே அளவுக்கு நீண்டுவிடும். வத்தலக்குண்டு மலைப்பாதையில் மூன்றாம் கியரில் ஏறிய வளைவுக்கு இப்போது இரண்டாம் கியர் வேண்டும். பழைய 970 சிசி எஞ்சினுக்கோ இது தாங்கவே தாங்காது. நிறுத்துவதற்கு பிரேக் அதிகம் உழைக்க வேண்டும், வீல் பேரிங் சீக்கிரம் தேயும், ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் எங்காவது உரசும். இத்தனைக்கும் ஆக்ஸிலுக்கு அடியில் கிடைக்கும் கூடுதல் உயரம், விட்ட வித்தியாசத்தில் பாதிதான்: 33 மில்லிமீட்டர். 215/75 ஆர்15 போட்டால் ஸ்பீடோமீட்டர் ஐந்து சதவீதம்தான் பிசகும், வேறு எதையும் மாற்ற வேண்டாம். என் வண்டியில் இருப்பது அதுதான். எதைப் போட்டாலும் ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்தும் ஒரே அளவாக இருக்கட்டும். இரண்டு அளவு டயரோடு ஃபோர் வீலில் ஓட்டினால் அந்த வித்தியாசம் முழுவதையும் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் சுமக்கும்.

நீளமான ஷேக்கிள் போட்டு வண்டியை உயர்த்துவது மலிவு என்பதால் நிறையப் பேர் செய்கிறார்கள். முன்பக்கம் அப்படி உயர்த்தினால் ஆக்ஸில் லேசாகச் சுழன்று காஸ்டர் கோணம் (ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) மாறிவிடும். நேர்ச்சாலையில் ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பாமல் அலையும். ஆக்ஸிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணமும் மாறி அதிர்வு வரும், பிரேக் ஹோஸ் இழுபடும். இருபது வருடத்து ஸ்பிரிங் பட்டை பெரும்பாலும் தொய்ந்துபோய்த்தான் இருக்கும். நல்ல புதுப் பட்டை செட் போட்டாலே இழந்த உயரம் திரும்பி வந்துவிடும். பலருக்கு அதுவே போதும்.

முதுகு வலிக்கிறது என்று பட்டையில் ஒன்றிரண்டைக் கழற்றிப் போடுவது இன்னொரு தவறு. காலி வண்டியில் சுகமாக இருக்கும். நான்கு பேரும் மூட்டைகளும் ஏறியதும் மெயின் பட்டை உடையும். வண்டி குதிப்பதற்குப் பாதிக் காரணம் பட்டைகளுக்கு நடுவே துரு பிடித்து, ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமல் இறுகிப்போயிருப்பது. செட்டைப் பிரித்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, புஷ்ஷும் ஷேக்கிள் பின்னும் மாற்றிப் பூட்டிப் பாருங்கள். வேறு வண்டி மாதிரி இருக்கும்.

ஸ்டியரிங் ஆட்டம்

ஐம்பது அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கியதும் முன் சக்கரம் இரண்டும் வெறிபிடித்த மாதிரி ஆடும், வண்டியை ஏறக்குறைய நிறுத்தினால்தான் அடங்கும். ஒருமுறை அனுபவித்தவர் மறக்க மாட்டார். இதற்கு, ஆட்டத்தை அடக்கும் ஸ்டியரிங் டாம்பர் மாற்றிக்கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஆட்டம் சில மாதம் மறையும். காரணம் அப்படியே உள்ளே இருக்கும், தேய்மானமும் நடந்துகொண்டே இருக்கும்.

வரிசையாகப் பாருங்கள். முதலில் சக்கர பேலன்ஸ், டயர் காற்று. பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வீல் பேரிங்கிலும், சக்கரம் திரும்பும்போது தாங்கும் கிங் பின் பேரிங்கிலும் உள்ள தேய்மானம் தெரியும். உதவிக்கு ஒருவரைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள்: ஹப் மட்டும் ஆடினால் வீல் பேரிங், ஹப்பைத் தாங்கித் திரும்பும் நக்கிள் முழுவதும் ஆடினால் கிங் பின். பக்கவாட்டில் ஆட்டினால் டை ராடு முனைகள் தெரியும். ஜிப்ஸியில் பெரும்பாலும் குற்றவாளி கிங் பின் பேரிங்தான். அதன் இறுக்கத்தை ஷிம் என்னும் மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்வார்கள். வெறுமனே பேரிங்கை மாற்றிவிட்டு ஷிம்மைக் கவனிக்காமல் பூட்டினால் ஆட்டம் திரும்ப வரும். பிரிக்கும்போதே நக்கிள் சீலையும் மாற்றிவிடுங்கள். அந்த சீல் கிழிந்திருந்தால் ஒவ்வொரு ஓடையும் கிரீஸைக் கழுவிச் சேற்றை உள்ளே வைத்துவிட்டுப் போகும்.

ஒரே ஆயிலை எல்லாவற்றுக்கும் ஊற்றுவது

"கியர் ஆயில் என்றால் கியர் ஆயில்தானே" என்று கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், ஆக்ஸில் நடுவே சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பிரிக்கும் இரண்டு டிஃபரன்ஷியல் எல்லாவற்றுக்கும் ஒரே டின்னிலிருந்து ஊற்றுகிறார்கள். டிஃபரன்ஷியலில் கிரவுன், பினியன் பற்கள் ஒன்றோடொன்று வழுக்கி உரசுவதால் அதற்கு ஜிஎல்-5 தரம் வேண்டும். அந்த ஆயிலில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் சில கியர் பாக்ஸின் கியர் மாற உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். அதனால் கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 போடுவதே பாதுகாப்பு. கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் போடுங்கள். ஆயில் மாற்றும்போது முதலில் மேலே ஊற்றும் பிளக் திறக்கிறதா என்று பாருங்கள். கீழே வடித்துவிட்டு மேல் பிளக் திறக்காமல் மாட்டிக்கொண்டால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

முன் டிஃபரன்ஷியலை யாரும் திறப்பதே இல்லை. திறந்தால் சில வண்டிகளில் ஆயில் பால் காப்பி நிறத்தில் வரும். தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். ஓடி ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த ஓடைக்குள் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். ஆக்ஸிலின் மேலே இருக்கும் பிரீதர் என்னும் காற்றுத் துளை சேற்றால் அடைத்திருந்தால், சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அதே அடைப்பு, சூடாகும்போது எதிர்ப்பக்கம் வேலை செய்யும்: ஆயிலை சீல் வழியே வெளியே தள்ளும். பின் ஆக்ஸிலில் அது பிரேக் டிரம்முக்குள் போய் ஷூவை நனைக்கும், பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். ஷூவையும் சீலையும் மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் தீராது. பிரீதரைச் சுத்தம் செய்து, அதில் ரப்பர் ஹோஸ் மாட்டி பானட் உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். சில நூறு ரூபாயில் ஜிப்ஸிக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த மேம்பாடு இதுதான் என்பேன்.

புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் கிரீஸ் நிப்பிள்கள் இருக்கின்றன. கிரீஸ் கன் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் இரண்டு பாகத்திலும் ஒரு கோடு போட்டு அடையாளம் வையுங்கள். ஸ்ப்ளைனை (இரண்டு பாகமும் ஒன்றுக்குள் ஒன்று சொருகும் பற்கள்) மாற்றிச் சொருகினால் இரண்டு முனையிலும் உள்ள கிராஸ் இணைப்புகளும் ஒரே திசையில் நிற்காது. வண்டி அதிரும், காரணம் தேடி வாரக்கணக்கில் அலைவீர்கள்.

ஃபோர் வீல் லீவர்

ஜிப்ஸியில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் லேசாக வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. முறுக்கம் முழுவதும் கிராஸ், கியர், ஆக்ஸில் மேல் ஏறும்; லீவரும் சிக்கிக்கொள்ளும். மழை பெய்கிறதே என்று தார்ச்சாலையில் ஃபோர் வீல் போட்டு ஓட்டுவது வேண்டாம்.

வருடக்கணக்கில் போடாமலே விடுவதும் தவறு. மாதம் ஒருமுறை மண் பாதையில் கொஞ்ச தூரம் போட்டு ஓட்டுங்கள். முன்பக்க கியர்களில் ஆயில் ஏறும், லீவர் இறுகாது. முன் சக்கரத்தை ஆக்ஸிலோடு இணைக்கவும் விடுவிக்கவும் கையால் திருப்பும் ஃப்ரீ வீல் ஹப் உள்ள வண்டியில் இரண்டு பக்கமும் லாக் ஆகியிருக்கிறதா என்று இறங்கிப் பாருங்கள். ஒன்று மட்டும் லாக் ஆகியிருந்தால் இழுவை முழுவதும் மற்றப் பக்கம் வீணாகச் சுழன்றுவிடும், முன் சக்கரம் இரண்டுமே இழுக்காது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது

"நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு" என்று கழற்றிவிடுகிறார்கள். மிகப் பரவலான தவறு, மிகச் சேதம் செய்யும் தவறும்கூட. எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாத வால்வு அது. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வரவே நேரமாகும். எம்பிஎஃப்ஐ வண்டியில் எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று ஈசியூ நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறையும், பிளக் கரியும், எஞ்சின் சீக்கிரம் தேயும். உண்மையில் சூடாகிறது என்றால் காரணம் வேறு: உள்ளே உப்புப் படிந்த ரேடியேட்டர், தளர்ந்த பெல்ட், வேலை செய்யாத ஃபேன், கசியும் மூடி. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவதை நிறுத்திவிட்டு, கூலன்ட்டும் சுத்திகரித்த நீரும் ஊற்றுங்கள். இந்த எஞ்சினின் ஹெட் அலுமினியம்; ஒருமுறை நன்றாகக் கொதித்தாலே வளைந்துவிடலாம். முள் ஏறினால் அடுத்த ஊர்வரை போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காமல் உடனே நிறுத்துங்கள். டைமிங் பெல்ட்டின் வயது தெரியாவிட்டால், வண்டி வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள். வாட்டர் பம்ப்பையும் அப்போதே பார்த்துவிடலாம்.

விளக்கு விஷயம் சுருக்கமாக. 100 வாட் விளக்கு இரண்டு சேர்ந்தால் 17 ஆம்பியர் வரை இழுக்கும். பழைய ஒயரும் சுவிட்ச்சும் அதைத் தாங்கும்படி செய்ததல்ல. ரிலேயும் ஃபியூஸும் இல்லாமல் எதையும் சேர்க்காதீர்கள். பழைய வண்டியில் ஹெட்லைட் மங்கலாக எரிந்தால் முதலில் எர்த் முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள், பாதி வெளிச்சம் அங்கேயே கிடைக்கும்.

காகிதம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. முன்னால் இரும்புக் கம்பி பம்பர் போடுவதற்கு எதிராக மத்திய அரசு 2017-இலேயே உத்தரவிட்டது. டீசல் எஞ்சின் மாற்றிய ஜிப்ஸிகள் விற்பனைக்கு வரும். அந்த எஞ்சின் எண் ஆர்சி-யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ் கைவிடலாம். 15 வருடம் முடிந்த வண்டிக்கு எஃப்சி (தகுதிச் சான்றுக்கான சோதனை) பார்த்து ஐந்து ஐந்து வருடமாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் சோதனைக்குப் போகும்போது இந்த மாற்றங்கள் எல்லாம் கண்ணில் படும். ராணுவ ஏலத்தில் வந்தது என்று சொல்லி விற்கும் வண்டி என்றால், ஏலக் காகிதத்தில் உள்ள சேஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் நீங்களே தேய்த்துப் படித்து ஒப்பிட்டுவிட்டு, ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவு ஆகுமா என்று கேட்ட பிறகு முன்பணம் கொடுங்கள்.