பரம்பரைப் பழம்பொருள்களை விற்பதற்கு முன்

பினாங்கில் பெரியவர்கள் வாழ்ந்த வீட்டைக் காலி செய்யும்போது வெற்றிலைச் செல்லம், பாக்குவெட்டி, கண்ணாடிச் சட்டமிட்ட தஞ்சாவூர்ப் படம், பிஸ்கட் டின் நிறையப் பழங்காசு என்று ஏதேனும் கிடைக்காமல் போகாது. கருமாதி முடிந்த கையோடு, “எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன்” என்று ஒருவர் வந்து நிற்பதும் வழக்கம்தான். அவரிடமே விலை கேட்டு அவரிடமே விற்பதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரும்பாலான நட்டத்துக்குக் காரணம். வாங்குபவர் வேறு, மதிப்பிடுபவர் வேறு என்பதில் உறுதியாக இருங்கள்.

முதலில், விற்கும் உரிமை யாருக்கு என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். உயில் இருந்தால் அதை நிறைவேற்றுபவருக்கே அந்த அதிகாரம் உண்டு. உயில் இல்லாத முஸ்லிம் அல்லாத குடும்பங்களில் 1958ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டப்படி, இறந்தவரின் பெற்றோர் உயிருடன் இல்லாவிட்டால், மனைவிக்கு அல்லது கணவருக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு மீதி இரண்டு பங்கும் சேரும். முஸ்லிம் குடும்பங்களுக்கு ஃபராயித் எனும் இஸ்லாமிய வாரிசுரிமை முறை பொருந்தும். சொத்து முழுவதும் அசையும் பொருளாகவும் 6 லட்சம் ரிங்கிட்டுக்கு மிகாமலும் இருந்தால் அரசின் அறங்காவல் நிறுவனமான அமானா ராயாவை அணுகலாம். எதுவானாலும், பொருள்களின் பட்டியலில் உடன்பிறந்தோர் அனைவரிடமும் கையொப்பம் வாங்கிய பிறகே பேரத்தைத் தொடங்குவது நல்லது. பணம் வந்த பிறகு எழும் சண்டையை எந்தப் பட்டியலாலும் தீர்க்க முடியாது.

அடுத்து, ஒவ்வொரு பொருளையும் முன்புறம், பின்புறம், அடிப்புறம், முத்திரை, விரிசல் எல்லாம் தெரியும்படி படமெடுத்து, எடையையும் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே கிடைக்கும் காகிதங்களைக் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். தாத்தா வந்திறங்கிய ரஜூலா கப்பலின் பயணச் சீட்டு, கடை ரசீது, அந்தப் பொருள் பின்னணியில் தெரியும் பழைய குடும்பப் படம் ஆகியவை அது எங்கிருந்து வந்தது என்பதற்குச் சான்றாகி விலையையும் கூட்டும்.

எதையும் தேய்க்க வேண்டாம். நம் வீடுகளில் பித்தளையைக் கண்டால் புளியும் சாம்பலும் தானாகவே கைக்கு வந்துவிடும். அன்றாடம் ஏற்றும் குத்துவிளக்குக்கு அது சரி. ஆனால் பழைய வெண்கலத்தில் காலப்போக்கில் படிந்த மேற்படலம் போய்விட்டால் திரும்பாது. பழங்காசைத் தேய்த்தால் விழும் மெல்லிய கீறல்களைச் சேகரிப்பாளர் பூதக்கண்ணாடியில் உடனே கண்டுபிடித்து விலையைக் குறைத்துவிடுவார்.

காசுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் எடைக்கு எடை என்று ஏமாந்து விற்பது இவற்றில்தான் அதிகம். நீரிணைக் குடியேற்ற நாடுகளின் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி) ஒரு டாலர் வெள்ளிக் காசு, 1903, 1904ஆம் ஆண்டுகளில் 26.95 கிராம் எடையும் 90 விழுக்காடு வெள்ளியும் கொண்டது. 1907 முதல் 1909 வரை வந்தது 20.21 கிராம். 1919 முதல் வந்ததோ 16.85 கிராம்தான், அதிலும் வெள்ளி பாதியே. எடையில் தெளிவான வேறுபாடு தெரிந்தாலோ காந்தம் இழுத்தாலோ அது போலி என்று கொள்ளலாம், போலிகள் சந்தையில் ஏராளம். எடை சரியாக இருப்பதே அசல் என்பதற்குச் சான்றாகாது. உருக்கினால் கிடைக்கும் வெள்ளியின் மதிப்பு அடிமட்ட விலை மட்டுமே. அரிய ஆண்டும் குறைந்த தேய்மானமும் அதற்கு மேல் பல மடங்கு கூட்டக்கூடும். மாறாக, ஜப்பானியர் மலாயாவை ஆண்ட காலத்து வாழைமர நோட்டுக் கட்டைக் கண்டு பூரித்துப் போக வேண்டாம். அவை மிகுதியாக அச்சிடப்பட்டவை. தொடக்கத்தில் வந்த, வரிசை எண் உள்ள நோட்டுகளுக்கே ஓரளவு விலை உண்டு.

விலை அறிய, பினாங்கின் லோரோங் கூலிட் சந்தைக்கோ கோலாலம்பூர்ப் பக்கத்தில் இருப்பவர்கள் அம்கார்ப் மால் வார இறுதிச் சந்தைக்கோ வாங்குபவர் போலச் சென்று விசாரியுங்கள். கேட்கும் விலை வேறு, முடியும் விலை வேறு என்பதை நினைவில் வையுங்கள். பிறகு, தொடர்பில்லாத இரண்டு மூன்று வணிகர்களிடம் பொருளுக்குப் பொருள் தனித்தனி விலை கேளுங்கள். வாடகையும் இலாபமும் பார்க்க வேண்டிய கடைக்காரர் விற்கும் விலையைவிடக் குறைவாகவே தருவார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அரிய பொருளானால் ஏலத்துக்கு விடலாம், ஆனால் ஏலக்காரர் எடுக்கும் தரகு எவ்வளவு, குறைந்தபட்ச விலை என்ன என்பவற்றை எழுத்தில் பெற வேண்டும்.

சில பொருள்களை விற்பதற்கு முன் சட்டத்தைப் பார்க்க வேண்டும். மரபுரிமைப் பொருளை நாட்டை விட்டு அனுப்ப, 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுரிமைச் சட்டப்படி மரபுரிமை ஆணையரின் உரிமம் தேவை. தந்தப் பொருள் இருந்தால் வனவிலங்குத் துறையிடம் கேட்காமல் விளம்பரம் செய்யாதீர்கள். இந்தியாவிலிருந்து வந்த பழைய வெண்கலச் சிலையானால், அது எப்போது, எப்படி வந்தது என்ற சான்று இல்லாமல் நேர்மையான வணிகர் தொடமாட்டார். தொட விரும்புபவரை நீங்கள் தவிர்ப்பது நல்லது.

இணையத்தில் விற்றால் வீட்டு முகவரி தெரியும் படங்களைப் போடாதீர்கள். வாங்குபவரை வங்கிக் கிளையிலோ வணிக வளாகத்திலோ சந்தியுங்கள். பணம் அனுப்பியதாக அவர் காட்டும் ரசீதுப் படத்தை நம்பாமல், உங்கள் கணக்கில் தொகை ஏறியதைப் பார்த்த பிறகே பொருளைக் கொடுங்கள். முன்பணம் செலுத்தச் சொன்னால், அந்தக் கணக்கு எண்ணைக் மோசடிக் கணக்குகளைக் காட்டும் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் சோதியுங்கள். ஏமாற்றப்பட்டுவிட்டால் உடனே தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள். உரிமம் பெற்ற பழைய பொருள் வணிகர், விற்பவரின் விவரத்தைப் பதிவேட்டில் எழுதக் கடமைப்பட்டவர் என்பதால் அடையாள அட்டையைக் கேட்பார். நகல் கொடுக்க நேர்ந்தால் குறுக்கே இரு கோடு போட்டு, எந்த விற்பனைக்காகத் தரப்படுகிறது என்று தேதியுடன் எழுதிக் கொடுத்து, பொருளின் விவரம் உள்ள ரசீதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.