ஏற்காட்டு ஊசியிலை மரங்களில் காற்று மாசின் தடயத்தைக் கண்டறியும் முறை

1970, 80களில் செக்கோஸ்லோவாக்கியாவின் எர்ஸ் மலைத்தொடரில், பழுப்பு நிலக்கரியை எரித்த மின் நிலையங்கள் கக்கிய கந்தக டை ஆக்சைடால் ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரக் காடுகள் பெரும்பரப்பில் பட்டுப்போயின. ஊசியிலை பல ஆண்டுகள் கிளையிலேயே தங்குவதால், ஆண்டுதோறும் இலையுதிர்க்கும் மரத்தைவிட அதிக காலம் நச்சை ஏற்கிறது. மேட்டூரில் அனல் மின் நிலையமும் சேலத்தையொட்டி உருக்காலையும் மேக்னசைட் என்னும் மெக்னீசியக் கனிமச் சுரங்கங்களும் இருக்கும்போது, சேர்வராயன் மலையில் நட்டு வளர்க்கப்பட்ட பைன், சைப்ரஸ் மரங்களைக் கவனித்து வருவது நம் பொறுப்பு. சவுக்கும் சில்வர் ஓக்கும் ஊசியிலை மரங்கள் அல்ல. அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

சமவெளியைப் பார்த்த சரிவில் ஒரு மரத்தையும், அதே இனத்தில் காற்று மறைவான பக்கத்தில் இன்னொன்றையும் தேர்ந்தெடுங்கள். நம் தட்பவெப்பத்தில் பைன் ஓராண்டில் பலமுறை தளிர்க்கக்கூடும் என்பதால், கணுக்களை எண்ணி இலையின் வயதைச் சொல்வது தவறாகிவிடும். புதுத் தளிர் தொடங்கும் இடத்தில் நூலைத் தளர்வாகக் கட்டி, தேதியைக் குறித்து வையுங்கள்.

பிறகு, இலைகளைத் தண்ணீரில் கழுவி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கழுவியதும் பசுமை தெரிந்தால் அது வெறும் தூசிப்படிவுதான். ஆயினும் தூசி இலைத்துளைகளை அடைத்து, மெழுகுப் பூச்சையும் கெடுக்கும். நுனி செம்பழுப்பாகிப் பச்சைப் பகுதியிலிருந்து கோடு போட்டதுபோல் பிரிந்திருந்தால் கந்தக டை ஆக்சைடைச் சந்தேகிக்கலாம். பழைய இலைகளில் மங்கலான மஞ்சள் புள்ளிகள் சிதறியிருந்தால் ஓசோன் காரணமாயிருக்கலாம். பழைய இலைகளின் நுனி மட்டும் மஞ்சளாகி, இளந்தளிர் பச்சையாகவே இருந்தால் மெக்னீசியக் குறைபாடு எனக் கொள்ளலாம்: அமில மழை மண்ணிலுள்ள மெக்னீசியத்தைக் கரைத்துச் சென்றுவிடுவதால் ஜெர்மானியக் காடுகளில் இதுவே பரவலாக நிகழ்ந்தது, அங்கே மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக் கல்தூளான டோலமைட்டைத் தூவினார்கள். காபித் தோட்டக்காரர்கள் டோலமைட்டை நன்கு அறிவார்கள். ஆனால் மண் பரிசோதனை செய்யாமல் மரத்தடியில் கொட்டுவது சரியன்று, மேக்னசைட் தூசி படியும் இடத்தில் மண் ஏற்கெனவே காரத்தன்மை அடைந்திருக்கக்கூடும்.

வறட்சி, பூஞ்சை, பூச்சி ஆகியவையும் இலையைப் பழுப்பாக்கும் என்பதை மறக்க வேண்டாம். பூஞ்சையானால் சிறு கரும்புள்ளிகள் தெரியும். பெரும்பாலும் அது ஓர் இனத்தோடு நின்றுவிடும். அருகிலுள்ள வேறு இன மரங்களிலும் ஒரே வாரத்தில் கருகல் தோன்றினால்தான் காற்றைக் குறைகூற முடியும். பட்டையில் தாடிபோலத் தொங்கும் லைக்கன் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிரி) இருக்கிறதா என்றும் பாருங்கள். கந்தகப் புகைக்கு முதலில் மறைவது அதுதான்.

ஓர் ஆண்டுப் பதிவும் ஒரே கிளையின் படங்களும் சேர்ந்த பிறகே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள். கருகல் தோன்றிய நாளில் காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது என்பதையும் அதில் குறிப்பிடுங்கள்.